காசில் இல்லாத பக்கம்

எங்கள் ஊர் திபூரில், கொண்டை போடுகிறவளான கிறெஸ்தேயின் கை படாத பெண் தலையே கிடையாது என்று நான் சொல்வதுண்டு. அது பெரிய பொய். பாதித் தலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமையாக வந்து, விடுதலை பெற்று, கழுதை வண்டிக்காரன் ஒருவனைக் கட்டி, அவனையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அவளிடம் மிஞ்சியவை சீப்பு, எலும்பு ஊசிகள், மகள் வெத்தில்லா.

மறைந்த பேரரசியின் பெயரில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு உணவளிக்கும் தர்மத்தைப் பேரரசர் ஏற்படுத்தியிருந்தார். எங்கள் ஊரில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பவர் ரூபெல்லியாவின் கணவர். தேர்ந்தெடுக்கும் விழா அன்று காலை ரூபெல்லியா கிறெஸ்தேயை அழைத்து ஒரு புது வெள்ளிக்காசை நீட்டினாள். ஒரு பக்கம் பேரரசியின் முகம். மறுபக்கம் மேடையருகே பிள்ளையைத் தூக்கிக் காட்டும் தாய்.

“அச்சு அசலா இதே கொண்டை வேணும். செஞ்சுட்டா உன் மகளை அவர்கிட்ட நான் காட்டுறேன்.”

“இதுல வலது பக்கம்தானே தெரியுது எஜமானியம்மா. இடது பக்கம்?”

“அதை ஏன் என்கிட்ட கேக்குறே? கொண்டை போடுறவ நீயா, நானா?”

கிறெஸ்தே வலப்பக்கத்தில் பேரரசியையே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாள். பின்னல்கள் உச்சியில் அழகாகச் சுருண்டன. மிச்ச நுனிகளையெல்லாம் இடப்பக்கம் செருகியதில் அங்கே ஒரு காக்கைக்கூடு.

“இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டிடாதீங்க. தலையைத் திருப்பவே கூடாது.”

ரூபெல்லியா அம்மாள் சொன்னபடி கேட்டாள். மேடையில் வலப்பக்கத்தை ஊருக்குக் காட்டியபடி சிலையாக உட்கார்ந்தாள். பிள்ளைகளின் வரிசையோ அவள் பிடரிக்குப் பின்னால்!

தர்மத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிள்ளைக்கான இடம்.

“நீ சொன்ன பிள்ளை எது?” என்றார் கணவர்.

“பின்னால நிக்குது.”

“பின்னால ஒரு மந்தையே நிக்குதே. திரும்பிக் காட்டேன்.”

“கழுத்து பிடிச்சிருக்கு.”

கீழே நின்ற கிறெஸ்தே இதைக் கேட்டாள். தான் சொல்லிக்கொடுத்த புத்தியே மகளின் சாப்பாட்டுக்கு வேட்டு வைக்கிறதே! மகளை இழுத்துக்கொண்டு, கூட்டத்தை முண்டித் தள்ளி, மேடையின் மறுபக்கம் ஓடினாள். ஒன்பது வயதுப் பிள்ளையை, காசில் இருந்த தாயைப் போலவே ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கி, ரூபெல்லியாவின் மூக்குக்கு நேரே நிறுத்தினாள்.

“இவதான்!” என்று அம்மாள் விரலை நீட்டினாள். வெத்தில்லாவுக்கு இடம் கிடைத்தது.

இதை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது, மொச்சை உரித்துக்கொண்டிருந்த வெத்தில்லா நிமிர்ந்தாள்.

“அம்மா எங்க தூக்கினா அத்தை? நானாத்தான் மேடையில ஏறினேன். அவ என் காலைப் பிடிச்சுக் கீழ இழுத்துட்டிருந்தா.”