சம்பந்தியம்மாவின் இடுப்பு

தொக்சூனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது, இரண்டு குடும்பங்களும் முதன்முதலாகச் சந்தித்த விருந்தில்தான். மகள் நாரே கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அம்மா ஹேரான் எதிரே உட்கார்ந்து, விலா எலும்புக் கறியை ஒரு கை பார்த்தாள். சோற்றுக் கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள். அவ்வளவையும் தின்கிறவளுக்கு இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்கும். தொக்சூனோ கீரையைக் கொறித்துக்கொண்டு, பாவாடைக் கொக்கி எப்போது தெறிக்குமோ என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். கடவுளுக்குக் கண் இருக்கிறதா என்று அன்றைக்கு அவள் கேட்டதில் தப்பே இல்லை.

"மாப்பிள்ளையோட அம்மா என்னமா சாப்பிடறாங்க! பாக்கவே நல்லாயிருக்கு," என்றார் கணவர், வீட்டுக்கு வரும் வழியில். அந்த மனுஷனுக்கு எப்போதும் வாய்தான் சத்துரு.

கல்யாணத்தன்று இரண்டு அம்மாக்களும் கைகோத்து, அத்தனை பேரும் பார்க்க நடந்து போய் மேடையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பையன் வீட்டுக்கு நீலப் பட்டு, பெண் வீட்டுக்கு ரோஜாப் பட்டு. ஒல்லிக்கு நீலமாம், குண்டுக்கு ரோஜாவாம்! அந்தப் படம் மகள் வீட்டுச் சுவரில் காலத்துக்கும் தொங்கும். அதில் ஹேரான் பக்கத்தில் கிம்ச்சி ஊறுகாய் ஜாடி மாதிரி நிற்பதை நினைத்தாலே தொக்சூனுக்குத் தூக்கம் போயிற்று.

அன்றிலிருந்து காலையில் பாதி சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய். நடுவில் பசித்தால் பார்லித் தண்ணீர்.

மாசான் சந்தையில் அவளுக்குத் தொடுகறிக் கடை. நெத்திலி வறுவல், முள்ளங்கிக் கிம்ச்சி, சோயாவில் வெந்த முட்டை என்று தட்டுத் தட்டாக வைத்து விற்பாள். உப்பு உறைப்பை நாக்கில் வைத்துப் பார்க்காமல் எதையும் தட்டில் எடுத்ததில்லை. இப்போது அதுவும் கலோரிக் கணக்கில் சேருமே என்று, ருசி பார்ப்பதையே விட்டுவிட்டாள். கண்ணளவில் உப்பைப் போட்டாள்.

"அக்கா, நெத்திலியைத் திரும்பக் கடல்லயே முக்கி எடுத்தீங்களா?" என்று பக்கத்து மீன்கடைக்காரி கேட்டாள்.

"பிடிக்கலைன்னா வாங்காத!" என்று எரிந்து விழுந்தாள். பசி அவளைச் சிடுமூஞ்சியாக்கியிருந்தது. முதலில் கொஞ்சம் இறங்கிய எடை அப்புறம் நகரவே மாட்டேன் என்றது. சீப்பில் முடி கொத்தாக வந்தது.

பட்டுக்கடைக்கு வழக்கப்படி இரண்டு அம்மாக்களும் சேர்ந்தே போனார்கள். ஹேரான் பயறு வைத்த பன்னைக் கடித்தபடியே வந்து சேர்ந்தாள். தொக்சூன் அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தையல்காரம்மா மார்பிலிருந்து பாவாடையைச் சுற்றிக் கட்ட, அது தரை வரைக்கும் கூடாரமாக விரிந்தது.

"இதுக்குள்ள ஒரு பன்னியையே ஒளிச்சு வச்சாலும் வெளிய தெரியாதுங்க," என்றாள் தையல்காரம்மா. "தெரியறது மூஞ்சி மட்டுந்தான். அதை ஏன் இப்படி வத்தப் போட்டிருக்கீங்க?"

கண்ணாடியில் பார்த்தாள். ரோஜாப் பட்டுக்கு மேலே கன்னம் ஒட்டிப்போன யாரோ ஒருத்தி நின்றாள். இதற்காகவா பட்டினி கிடந்தோம் என்று நினைத்ததுதான் தெரியும், கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாய்ந்தவளைத் தாங்கியது ஹேரானின் தோள்.

ஹேரான் அவளை இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய், கொதிக்கக் கொதிக்கப் பன்றிக்கறிச் சூப்பும் சோறும் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் சம்பந்தி. நான் உடம்பைக் குறைக்கிறேன்."

"நானும் ஒரு காலத்துல வெள்ளரிக்காயைக் கட்டிக்கிட்டு அழுதவதான். வயித்தைக் காயப்போட்டா உடம்பு பயந்துபோய் இருக்கிறதையும் இறுக்கிப் பிடிச்சுக்குது. அப்புறம் ஒரு நாள் வெறி வந்து, சட்டியோட தின்னுடுவோம். இப்ப மூணு வேளையும் சோறு, மீன், காய். காலையில பின்னால இருக்கிற குன்று மேல ஏறி எறங்குவேன். அவ்ளோதான். சாப்பிடுங்க. வெறும் வயித்தோட என் பக்கத்துல நிக்காதீங்க, சொல்லிட்டேன்."

சூப் அமிர்தமாக இருந்தது. யோசனை சொன்னவள் அந்த இடுப்புக்காரி என்பதுதான் தொண்டையில் உறுத்தியது. ஆனாலும் மறுநாளிலிருந்து தொக்சூன் மூன்று வேளை சாப்பிட்டாள். யாருக்கும் தெரியாமல் குன்றும் ஏறினாள். எடை மெதுவாக இறங்கியது, கன்னத்தில் ரத்தம் வந்தது, நெத்திலிக்கு உப்பும் சரியாயிற்று.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அலங்காரக் கடைக்கே கிம்பாப், கடற்பாசித் தாளில் சுருட்டி நறுக்கிய சோறு, வாங்கி வரச் சொன்னாள். உதட்டுச் சாயம் கலையாமல் துண்டு துண்டாக வாயில் போட்டுக்கொண்டு, மிச்சம் இரண்டைத் தாளில் சுற்றிப் பட்டுச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டாள்.

மண்டப வாசலில் காத்திருந்தபோது அவள் காத்திருந்த பேச்சு காதில் விழுந்தது. "பொண்ணோட அம்மாவைப் பாரேன், என்ன ஜொலிப்பு! பையனோட அம்மாதான் வாடிப்போயிட்டாங்க."

தொக்சூனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஹேரானின் கையைப் பிடித்தாள். அது ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"நேத்துலேர்ந்து எறங்கல. பையனோட அப்பா போனதுலேர்ந்து நானும் அவனுந்தான் சாப்பாட்டுக்கு உக்காருவோம். இனிமே எதிர்ல யாரு உக்காருவா?"

இப்படியே நடந்தால் படத்தில் இவள் காய்ந்துபோய் நிற்பாள். நாம் ஜொலிப்போம். அந்த நினைப்பு வந்தது, இனிக்கவும் செய்தது. அதற்குள் தொக்சூனின் விரல்கள் சட்டைக் கைக்குள்ளிருந்த தாளைப் பிரித்துவிட்டிருந்தன.

"வாயைத் திறங்க. வெறும் வயித்தோட என் பக்கத்துல நிக்காதீங்க, சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நான் வந்து எதிர்ல உக்காரறேன்."

வாயில் திணித்ததை ஹேரான் மென்று விழுங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது.

படம் இப்போது நாரே வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இரண்டு அம்மாக்கள், இரண்டு மெழுகுவத்திகள். உற்றுப் பார்த்தால் ஹேரானின் ஒரு கன்னம் கிம்பாப் அடைத்து உப்பியிருப்பது தெரியும். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தொக்சூன் அதன் முன்னால் நின்று முணுமுணுப்பாள்: "வாய் நிறைய சோத்தை வச்சுக்கிட்டும் எப்படித்தான் அழகா இருக்காளோ, பாவி!"