திரையை இறக்கியவன்

எங்கள் மச்சானுக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை. முகம் பார்க்கும் கண்ணாடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். முப்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் கயிற்றைக் கட்டி, ஒரு முழப் பலகையில் உட்கார்ந்து, வாளியும் ரப்பர் பட்டையுமாக ஜன்னல் ஜன்னலாக இறங்கி வருகிற வேலை. என் அக்காவைக் கட்டிய காலத்தில் மொட்டை மாடிச் சுவர் ஓரம் போகவே பயப்பட்ட மனிதர் அவர். கடல் தாண்டி வந்ததும் எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ!

நான் இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று அவருடைய அறையில் பாதி எனக்கானது. பாதி என்று சொல்வது மரியாதைக்கு. கட்டில் எனக்கு, தரை அவருக்கு.

"எனக்குத் தரைதான் மாப்ள ஒத்துக்கும். கட்டில்ல படுத்தா தூக்கமே வராது" என்றார்.

நம்பினேன். நம்பாவிட்டாலும் கட்டிலை விட்டிருக்க மாட்டேன். என் லட்சணம் அப்படி.

மச்சானுக்கு இந்த நகரத்தின் மேல் கொள்ளை ஆசை. திருகினால் கொட்டுகிற வெந்நீர், சொன்ன நிமிஷத்துக்கு வந்து நிற்கும் ரயில், "எங்க கிளம்பிட்டே?" என்று கேட்க ஆளில்லாத தெரு. விடுமுறை நாளில் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் திரும்பி வருவார். "சும்மா உக்காந்து ஜன்னல் வழியா பாக்கறது ஒரு சொகம் மாப்ள. துடைக்க வேண்டாம்ல." எனக்கோ எதைப் பார்த்தாலும் எரிச்சல். பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. பக்கத்து அறைக்காரன் கொட்டாவி விட்டால்கூடக் கேட்கிற சுவர். நான் அவர்கள் மொழியில் ரொட்டி கேட்டால், நான் ஏதோ வைதுவிட்டதுபோல் முகம் சுளிக்கும் கடைக்காரி.

இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இடம் கிடைத்தது. பத்தொன்பதாவது மாடி. கழுத்தில் அட்டை, சுழலும் நாற்காலி. ஆனால் தற்காலிகம்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். முதல் நாள் என் சட்டைக்கு மச்சான்தான் இஸ்திரி போட்டார். "இந்த ஊர்ல நான் வாசல் வரைக்கும் போகாத ஆபீஸ் இல்ல. எல்லாம் பத்தாவது மாடி வாசல், இருபதாவது மாடி வாசல். நம்ம வீட்டுல உள்ள போற மொத ஆளு நீதான்" என்று சிரித்தார்.

கண்ணாடி துடைப்பவர்கள் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. தொங்கும்போது கண் கண்ணாடி மேலேயே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களைப் பார்க்கக் கூடாது. எட்டு வருஷத்தில் மச்சான் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

ஆறாவது மாதம் அவர் குளியலறையில் அதிக நேரம் எடுக்க ஆரம்பித்தார். வெளியே வரிசை நிற்கும். என் ஷேவிங் நுரை வேறு மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது.

"உள்ள அப்படி என்னதான் மச்சான் பண்றீங்க? நுரை டப்பா பாதிக்கு வந்திருச்சு."

"ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல" என்று திருட்டு முழி முழித்தார்.

அந்த வாரம் அலுவலகத்தில் பெரிய கூட்டம். மேலாளர் அம்மாள், அவருக்கும் மேலே இருவர். நான் படம் காட்டும் வெண்திரைக்குப் பக்கத்தில் நின்று என் கணக்கெடுப்பை விளக்க வேண்டும். என் வேலை நிலைப்பது அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. இரண்டாவது படத்துக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே முதலில் இரண்டு பூட்ஸ் இறங்கின. பிறகு பலகை. பிறகு எங்கள் மச்சான்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரையைப் பூசினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒற்றை விரலால், வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப் போட்டு எழுதினார். உள்ளிருந்து பார்த்த எனக்கு நேராகத் தெரிந்தது: "சாப்டியா மாப்ள?"

என் ஷேவிங் நுரையெல்லாம் குளியலறைக் கண்ணாடியில் எழுதிப் பழகத்தான் போயிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

மனுஷனாக இருந்தால் சிரித்திருக்க வேண்டும். எனக்குக் காது மடல் எரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். மேலாளர் அந்த எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அறையில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?"

"இல்லை" என்றேன். அதோடு விட்டேனா? "என்ன எழுதியிருக்கிறார் என்றே தெரியவில்லை" என்று சேர்த்துச் சொன்னேன். போய் ஜன்னல் திரையின் கயிற்றை இழுத்தேன். அது இறங்கியபோது, நுரை ஒட்டிய அவருடைய விரல் இன்னும் மேலேயே இருந்தது. நான் மூன்றாவது படத்துக்குப் போனேன். பிரமாதமாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். வேலை நிரந்தரமாயிற்று.

அன்று சாயங்காலம் கால் இழுக்க இழுக்க அறைக்குப் போனேன். மச்சான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"இன்னைக்கு என்னா வெயில் மாப்ள! கண்ணாடில பளிச்னு அடிச்சு, உள்ள யாரு இருக்கான்னே தெரியல."

"ஆமா மச்சான், நல்ல வெயில்தான்" என்றேன். அன்று முழுக்க மேகமூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் வந்தாள்.

"டேய், அவரு எல்லாத்தையும் சொன்னாருடா. நீ மீட்டிங்கையே நிறுத்திட்டு, இவருதான் எங்க மச்சான்னு எல்லாருக்கும் காமிச்சியாம்ல? பெரிய மேடமே கையாட்டினாங்களாம்! நான் எங்க நாத்தனார்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். அவ மூஞ்சியப் பாக்கணுமே!"

மச்சான் சுவர் பக்கம் திரும்பித் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த சட்டையையே மறுபடி மடித்தார்.

"ஆமாக்கா" என்றேன்.

ஜன்னல் துடைப்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அந்த ஆறு மாதமும் ஒரே ஒரு வாக்கியத்தை அவர்கள் மொழியில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். "இவர் என் அக்காவின் கணவர்." ரயிலில் முணுமுணுத்தேன், குளிக்கும்போது முணுமுணுத்தேன். அந்த நாள் வந்தது. திரையை உச்சி வரை ஏற்றிவிட்டு, பசியையும் பார்க்காமல் ஜன்னல் பக்கமே கிடந்தேன். மதியம் இரண்டு பூட்ஸ் இறங்கின. பிறகு பலகை. பிறகு, முன்பின் பார்த்திராத ஒரு தாடிக்காரர். உள்ளே ஒரு முறைகூடப் பார்க்காமல், மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே போனார்.

மேலாளர் கிண்டலாகக் கேட்டார். "இவர் உங்களுக்குத் தெரிந்தவரா?"

"இல்லை" என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

அறைக்குப் போனதும் போகாததுமாக, "ஏன் மச்சான் நீங்க வரல?" என்றேன்.

"அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி மாப்ள. மேஸ்திரிகிட்ட சொல்லி வேற கட்டடத்துக்கு மாத்திக்கிட்டேன்." அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். "சாப்டியா?"

அத்தனை நாள் பழகிய வாக்கியம் யாரோ ஒரு மேலாளருக்கானது. இவரிடம் சொல்ல வேண்டியது வேறு. அது என் சொந்த மொழியிலேயே இருந்தும் வாயில் வரவில்லை.

"சாப்ட்டேன் மச்சான்" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அவர் ஒரு தட்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.