அறுபடாத கற்றாழை நார்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கிடங்கில் இன்று நனைந்த நாரின் வாசனை அடித்ததும் முதுகு சில்லிட்டது.

என் சிறுவயதில் இதே இடத்தில்தான் எங்கள் கயிற்றுக் கொட்டகை இருந்தது. அக்கா ராட்டையைச் சுற்ற, நான் மடியிலிருந்த நாரை இழையாக விட்டபடி அவளைப் பார்த்தவாறே பின்னோக்கி நடப்பேன். என் முதுகுக்குப் பின்னால் சுற்றுச்சுவரில்லாத கிணறு, திரும்பிப் பார்த்தால் இழை மெலிந்துவிடும், ஆகவே அக்கா "நில்லு" என்னும்வரை நடக்க வேண்டும். தேங்காய் நார் என் கையில் பாதி வழியிலேயே அறுந்து என்னைக் காப்பாற்றிவிடும். கற்றாழை நார் அறுவதேயில்லை.

கற்றாழை நார் திரித்த ஒருநாள் அக்காவின் குரல் வரவில்லை. குதிகாலடியில் மண் சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தத்தில் நின்றுவிட்டேன். எதிர்முனையில் அக்கா கண்களை இறுக மூடிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ கெணத்தாண்ட போறத பாக்கவே பயமா கீதுடி. தெனமும் கண்ண மூடிக்கினு, ராட்ட எத்தினி சுத்துன்னு எண்ணித்தான் நில்லுன்னு சொல்லுவேன். இன்னிக்கு எண்ணிக்கை வுட்டுப்போச்சு."