கஜன் எழுதிய ‘வேண்டாம்’

கஜன் போய்விட்டான் என்று காலையில் கைபேசிக்குச் செய்தி வந்தது. நாலு நாள் காய்ச்சலாம். நம்ப மனமில்லாமல் அவனுடைய ஊரான கரவெட்டியின் சனம் நடத்தும் இணையத் தளத்தைத் திறந்தேன். மரண அறிவித்தலில் சிரிக்காத அவன் முகம். கீழே ஊரார் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவனோடு வேலை செய்த உங்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

இணையத் தேடலில் ஒரு தளம் மேலே வர, வேறு நல்ல தளங்கள் அதற்கு இணைப்புக் கொடுக்கவேண்டும். எவை நல்லவை என்று பார்த்துப் பட்டியலில் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ எழுதுவது எங்கள் அலுவலகத்தில் கஜனின் வேலை. ‘சரி’ என்றவற்றில் இணைப்பு வாங்கப் பட்டியலை அனுப்புவது நான். தளத்தின் தரத்துக்கு மென்பொருள் போடும் புள்ளியை அவன் கடைசியாகத்தான் பார்ப்பான். “ஆர் எழுதீனம், ஆருக்கு எழுதீனம் எண்டு முதல் பாப்பம் அக்கா” என்பான். அந்த ஆமை வேகம் எனக்கு எரிச்சலூட்டும்.

கொழும்புத்துறையில் விடுதி நடத்தும் ஓர் அம்மாவின் வேலை வந்தது. திருவிழாக் காலம் நெருங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நம்பித்தான் அவருடைய சீவியம். பட்டியலில் ஓர் ஊரின் பெயரில் ஒரு தளம், நல்ல புள்ளியோடு. கஜன் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தான்.

“கோயில் படமெல்லாம் கிடக்கு. என்ன குறை?” என்றேன்.

“ரண்டு வருசமா ஒரு மரண அறிவித்தலும் இல்லை அக்கா. உந்த ஊரிலை ஒருத்தரும் சாகேல்லையோ? ஊர்ச்சனம் கைவிட்ட தளத்தை ஆரோ வாங்கி வைச்சிருக்கீனம். அடியிலை பாருங்கோ, எல்லாம் சூதாட்டக் கட்டுரை.”

பார்த்தேன். உண்மைதான். ஆனால் மாலைக்குள் பட்டியல் போகவேண்டும். அவன் சாப்பிடப் போன நேரம் அந்த ‘வேண்டாம்’ என்பதை அழித்துச் ‘சரி’ என்று எழுதினேன். அதே ஆட்கள் வாங்கி வைத்திருந்த, அவன் ‘வேண்டாம்’ என்ற இன்னும் ஆறு தளங்களுக்கும் அப்படியே செய்தேன்.

அந்தக் கள்ள இணைப்புகளுக்குத் தண்டனையாக, மூன்று வாரத்தில் விடுதி தேடலில் காணாமல் போனது. “பிள்ளை, ஒருத்தரும் அறை கேக்கேல்லை. என்ன செய்தனீங்கள்?” என்று அந்த அம்மா அழுதார். முதலாளி பட்டியலைத் திரையில் போட்டார். “உதுகளுக்குச் சரி போட்டது ஆர்?”

பக்கத்தில் கஜனின் பெயர் இருந்தது. அவன் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து என் குறிப்பேட்டைப் புரட்டினேன்.

“நான் திருத்திறன்” என்று மட்டும் சொன்னான்.

ஒவ்வொரு தளமாக எழுதிக் கேட்டு இணைப்புகளை எடுப்பித்தான். விடுதி திரும்பவும் மேலே வந்தபோது திருவிழா முடிந்திருந்தது. தளம் பார்க்கும் வேலை அவனிடமிருந்து போய்விட்டது. ஒருநாள் என்னிடம் கேட்டான்: “நேரம் காணாதெண்டு சொல்லியிருந்தால், சாப்பிடாமல் இருந்து வேறை தளம் தேடித் தந்திருப்பனே அக்கா?”

இப்போது நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

அந்தச் ‘சரி’ என்னுடையது. இன்று முதலாளியிடம் சொன்னேன், அந்த அம்மாவிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். அவனுடையதென்று என்னிடம் இருப்பது அந்தப் பட்டியல் ஒன்றுதான். அதைத் திறந்து, ஏழு இடத்திலும் அவன் எழுதியிருந்ததைத் திரும்ப எழுதி வைத்தேன்: வேண்டாம்.