நன்றி மடலுக்குப் போட்ட கையெழுத்து

என் கையெழுத்தைத் திருடியது நீங்கள்தான், அண்ணா. எங்கள் சபையின் செயலாளர் நீங்கள். இத்தனை வருடமாக உங்களை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனாலும் திருட்டு திருட்டுதான். அதற்கு மரியாதையான வேறு சொல் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மாங்காய் சீசன். சித்தூரைச் சுற்றி ரோட்டோரம் முழுக்க தோத்தாபுரி மாங்காய் லாரிகள் நிற்கிற நாட்கள். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழம் பொறுக்குகிற வேலை எனக்கு. சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. ஏழு மணித் தமிழ் ஆராதனை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவேன். சர்ச் கேட்டருகே அட்டையில் செருகிய தாளோடு நீங்கள் நின்றிருந்தீர்கள்.

"இன்னாமா, பறக்கிற? ஒரு கையெழுத்து போட்டுட்டு போ."

"எதுக்குண்ணா?"

"நம்ம பாஸ்டர் ஐயரு இந்தச் சபைக்கு வந்து பத்து வருசம் ஆவுதுல்ல? நன்றி மடல் குடுக்கப் போறோம். சபை மொத்தமும் கையெழுத்து போடணும்."

"மேல ஒண்ணுமே எழுதலியே?"

"அத்த வேலூர்ல பிரிண்ட் போட்டுக்கினு இருக்கான், தங்கக் கலர் பார்டர் வச்சு. இத்தப் பின்னால சேத்துடுவோம். ஏம்மா, உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரிசை எண் மட்டும் போட்ட வெள்ளைத் தாள். மூன்றாவது எண்ணுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். இடம் மிச்சம் இருந்ததால் அதன் கீழே 'நன்றி ஐயா' என்றும் எழுதினேன். அந்த இரண்டு சொல்லை எழுத ஐந்து வருடமாக ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தவள் நான். நேரில் சொல்ல எனக்கு வராது. வாயைத் திறந்தால் சண்டைதான் வரும். என் சுபாவம் அது.

நான் எதற்கு நன்றி எழுதினேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் மாங்காய் லாரி ஓட்டியவர். ஐயர் முதல்முறை ஜெபிக்க வீட்டுக்கு வந்தபோது இவர் குடித்திருந்தார். "உன் ஜெபத்த உன் வீட்ல வச்சுக்கோ" என்று சொல்லி ஐயரின் செருப்பைத் தூக்கித் தெருவில் எறிந்தார். ஐயர் போய் அதைப் பொறுக்கிக் காலில் மாட்டிக்கொண்டு, "அப்புறம் வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வருடம் லாரி கவிழ்ந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்தார்கள். நான்கு மாதம் அங்கேயே கிடந்தோம்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஐயர் வந்தார். சித்தூரில் ஏறினால் இரண்டு மணி நேரம். காணிப்பாக்கம் வழியாக வரும் பஸ்ஸில் சாமி கும்பிடப் போகிற கூட்டம் எப்போதும் நெருக்கும். பாதி நாள் நின்றுகொண்டேதான் வந்திருப்பார். வந்ததும் பைபிளைத் திறக்க மாட்டார். "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கீழே அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்காருவார். அந்த ஒரு மணி நேரம்தான் நான் குளிப்பதும் துணி அலசுவதும்.

ஒரு வியாழக்கிழமை திரும்பி வந்தபோது ஐயர் என் வீட்டுக்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் மொட்டை போடுகிற ஊர் திருப்பதி. அந்த வார்டில் படுத்துக் கிடப்பவனுக்குத் தாடி எடுக்க ஒருவர் கிடைக்கவில்லை. தாடி அரிக்கிறது என்று இவர் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தார். ஐயர் சித்தூரிலிருந்து தன் ரேசரையே எடுத்து வந்திருந்தார். மற்றவனுக்குச் சவரம் செய்து பழக்கமில்லாத கை.

"யோவ் ஐயரே, களுத்த அறுத்துடாத. செருப்பத் தூக்கிப் போட்டதுக்குப் பழி வாங்கறியா?"

"ஆடாம இருங்க. பழி வாங்கறவன் பத்து ரூபா பிளேடு வாங்கிக்கினு வருவானா?"

கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம். என் வீட்டுக்காரர் சிரித்தார். கால் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன், அண்ணா. அது பொய்க் கோபம் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் ஐயரின் மனைவி, எங்கள் ஐயரம்மாவுக்கு மார்பில் கட்டி என்றார்கள். அதே திருப்பதியில் ஆபரேஷன். அன்றைக்குத்தான் உங்கள் அம்மா செத்துப்போனார். ஐயரின் போன் அணைந்திருந்தது. தியேட்டர் வாசலில் நிற்கிறவன் போனையா பார்த்துக்கொண்டிருப்பான்? பலமநேரிலிருந்து வேறு ஒரு பாஸ்டரைக் கூட்டி வந்தீர்கள். அவருக்குத் தமிழ் வராது. உயிரோடு இருந்தவரை தமிழில் மட்டுமே ஜெபித்த உங்கள் அம்மாவைத் தெலுங்கில் மண்ணுக்குள் அனுப்பினார்கள். குழி ஓரத்தில் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. அடுத்த நாள் ஐயர் உங்கள் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கையை உருவிக்கொண்டீர்கள்.

அதுவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐயரம்மாவுக்குத் தினமும் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைத்தார்கள். ஐயர் மூன்று ஞாயிறு பிரசங்கத்துக்கு வரவில்லை. உபதேசியார் ஆராதனை நடத்தினார். இந்தச் சபையில் யார் போய் ஐயரம்மாவைப் பார்த்தீர்கள்? நான் போகவில்லை. சீசன், ஷிஃப்ட், சம்பளம் பிடிப்பார்கள். எனக்காகப் பதினாறு வியாழக்கிழமை பஸ் ஏறியவரின் மனைவியைப் பார்க்க ஒரு தடவை பஸ் ஏற எனக்கு நேரம் வரவில்லை. உங்களைத் திட்டுவதற்கு முன் இதையும் எழுதி வைக்கிறேன்.

போன சனிக்கிழமை பிடி அரிசி கொண்டுபோகும் முறை என்னுடையது. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு வைப்போம். சனிக்கிழமை எல்லா வீட்டு டப்பாவும் ஒரே மூட்டையாகி ஐயர் வீட்டுக்குப் போகும். அதுதான் எங்கள் நன்றி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மூட்டையை இறக்கியபோது ஐயரம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தார். "இருந்து சாப்ட்டுட்டு போங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே தெரிந்தது. பாதி குழைந்திருந்தது, பாதி கல்லாக இருந்தது.

"எல்லார் வூட்டு அரிசியும் கலந்து வருதில்ல" என்றார் ஐயரம்மா. "ஒண்ணு வெந்தா ஒண்ணு வேகாது. மெதுவா மென்னுட்டா ஆச்சு. பளகிடுச்சும்மா."

பத்து வருடம். பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி, போன வருடத்து அரிசி. என் வீட்டில் எங்களுக்குச் சோனா மசூரி. ஐயர் டப்பாவில் நான் போட்டது ரேஷன் அரிசி. தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஐயர் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஜெராக்ஸ் தாள்கள்.

"உங்களுக்குத் தெலுங்கு படிக்க வரும் இல்லம்மா?"

"வரும் ஐயா. தெலுங்கு மீடியம்தான்."

"நீங்க படிச்சுட்டுப் போட்டதா இருந்தா எனக்கு வருத்தம் இல்ல. தெரிஞ்சிக்கணும்னு கேக்கறேன், அவ்வளவுதான்."

அது பேராயருக்குத் தெலுங்கில் போன அர்ஜி, புகார் மனு. எங்கள் ஐயர் சொந்தக் குடும்பத்தையே பார்த்துக்கொள்கிறார், சபையைக் கவனிப்பதில்லை, உடனே மாற்றித்தாருங்கள் என்று டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்துகள். மூன்றாவது என்னுடையது. கூடவே மாற்றல் உத்தரவு. கடப்பைக்கும் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து திருப்பதிக்கு வர அரை நாள் ஆகும். ஐயரம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவது இன்னும் ஆறு தடவை பாக்கி. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

என் கையெழுத்தின் கீழே வெள்ளையாக ஒரு பட்டை. வொயிட்னர் போட்டு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறீர்கள், அண்ணா. அவசரத்தில் எடுத்திருக்கிறீர்கள். 'நன்றி'யின் மேல் சுழி மட்டும் பட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரல் வைத்து ஐயருக்குக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். ஐயரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போதும்மா. நீங்க போடலன்னு தெரிஞ்சுச்சே, அது போதும். வெளிய சொல்லாதீங்க. சபை ஒடஞ்சிடும்."

"ஒடையட்டும் ஐயா. வேகாத அரிசிய எத்தினி நாளு மெல்லுவீங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஐயரம்மாதான், "இவரு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் குரலில் இருந்த கோபத்தைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் ஆராதனையில் ஐயர் மாற்றலை அறிவித்தார். "பத்து வருசமா எங்களுக்குச் சோறு போட்ட சபைக்கு நன்றி" என்றார். நீங்கள் முதல் பெஞ்சில் ஆமென் என்றீர்கள். நான் எழுந்து நின்றேன். "ஐயா, ஒரு நிமிசம்" என்பதற்குள் நீங்கள் திரும்பி, "ஆராதனைல பேச்சு வோணாம்மா, அப்புறம் ஆபீசுக்கு வா" என்றீர்கள்.

வந்தேன். கதவைச் சாத்தினீர்கள்.

"படிச்ச பொம்பள நீ. பாத்துட்டுத்தானே போட்ட?"

"வெள்ளப் பேப்பர்ல இன்னா இருக்குது பாக்கறதுக்கு?"

"நன்றி மடலுக்குன்னுதான் மொதல்ல வாங்கனேன். அப்புறம் கமிட்டில வேற மாதிரி முடிவாச்சு. நான் இன்னா பண்ணட்டும்?"

"அப்ப என் 'நன்றி ஐயா' மேல வெள்ள அடிச்சது யாரு, கமிட்டியா?"

உங்கள் முகம் வெளுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "எங்கம்மாவப் பொதைக்க ஒரு தமிள் வார்த்தை கெடைக்கல. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா. நான் அங்கதான் நின்னேன். அத்த எளுதி உங்க பேரப் போட்டு அனுப்பியிருக்கலாமே. எங்க பேரு எதுக்கு?"

"வர்ற ஞாயிறு சால்வை போட்டு மரியாதையா அனுப்பப் போறோம். நீ கெடுக்காத" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இன்றைக்கும் அவர் சர்ச்சுக்கு வருவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "வெள்ளப் பேப்பர்ல எவனாவது போடுவானா? உன் கையெளுத்தால அந்தாளு மூட்ட கட்றான்." அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சவரமும் செய்யவில்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட மற்ற பதினொரு பேரைப் பார்த்துவிட்டேன். பதினொரு பேரும் நன்றி மடல் என்றுதான் போட்டார்கள். நான்கு பேர் என்னோடு வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள், "நமக்கு எதுக்குக்கா" என்று கதவைச் சாத்தினார்கள். வருவதாகச் சொன்னவர்களோடு சேர்த்து ஐந்து கையெழுத்துப் போட்டு, முன்பு போட்டவை எங்களை ஏமாற்றி வாங்கியவை என்று பேராயருக்கு எழுதிவிட்டேன். இந்த முறை மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஐந்து பேரும் படித்தோம். உத்தரவை நிறுத்துவார்களா என்று தெரியாது. நிறுத்தாவிட்டால் ஐயரம்மா மருந்துப் பையோடு ஒவ்வொரு முறையும் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும்.

ஐயர் சொல்ல வேண்டாம் என்றார். அது அவருடைய பொறுமை. அதற்கு நான் கட்டுப்பட முடியாது. என் பெயரை வைத்து நடந்தது இது.

அண்ணா, வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், அந்தச் சால்வையைத் தொடுவதற்கு முன், மைக்குக்கு வாருங்கள். ஆபீசில் வேண்டாம், கதவைச் சாத்தி வேண்டாம். தமிழ் ஆராதனையில் ஒருமுறை, தெலுங்கு ஆராதனையில் ஒருமுறை. நானும் அந்த ஜெராக்ஸோடு நின்றுகொண்டிருப்பேன். 'நன்றி ஐயா' என்று எழுதிய இடத்தில் வெள்ளை அடித்தது யார்? சபை மொத்தமும் கேட்க, ஐயரம்மா முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள்.