பொம்மை டாக்டரின் கோப்புகள்

குழந்தைகள் மனநலப் பிரிவில் பத்தொன்பது வருடம் டோக்கன் கூப்பிட்டேன், பொம்மைகளைக் கழுவி வைத்தேன். அதில் பதினேழு வருடம் அந்த டாக்டரம்மாவோடு. தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டே வைத்தியம் பார்ப்பார். அதனால் மற்ற டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் பொம்மை டாக்டர்.

"என்ன மேடம், இன்னிக்கு எத்தனை பொம்மைக்கு ஜுரம்?" என்பார்கள் லிஃப்டில்.

"நீங்களும் டோக்கன் எடுத்துக்கிட்டு உக்காருங்க, பாத்துடலாம்" என்பார் இவர்.

பிள்ளை சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கோப்பில் எழுதுவார். மற்றவர்கள் 'பதற்றம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "பதற்றம்ங்கறது நம்ம வார்த்தை, அக்கா. அது சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிள்ளைகளிடம், "இங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது" என்பார்.

பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் நான்கு மாதமாக வாய் திறக்கவில்லையாம். அப்பா மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். எனக்குக்கூட வணக்கம் சொல்வார். அவர் பக்கத்தில் அவள் பெஞ்சின் விளிம்பில்தான் உட்காருவாள், பாதி உடம்பு வெளியே. ஆறு வாரம் அவள் பேசாமல் களிமண் உருட்டினாள். டாக்டரம்மாவும் கூடவே உருட்டினார். ஏழாவது வாரம் பேசிவிட்டாள். அவள் போன பிறகு டாக்டரம்மா வெகுநேரம் எழுதினார். மறுவாரம் அம்மாவை மட்டும் தனியாக வரச்சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் பயிற்சிக்காக வெளியூர் போனார்.

அந்த இரண்டு நாளில்தான் பதிவறை குமாஸ்தா வந்தார். "அந்தப் பேசாத பொண்ணோட அப்பா கோப்பு நகல் கேக்கறார். பெத்தவங்க கேட்டா கொடுக்கணும்னு விதி இருக்குக்கா. அலமாரி சாவி உங்ககிட்டதானே?"

எனக்கு நெருடியது. மேடம் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அம்மா வரவில்லை. அந்த அப்பாதான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எல்லாரும் உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் நகலை விரித்து உரக்கப் படித்தார்: "'அப்பா செருப்பு கழட்டுற சத்தம் கேட்டா நான் பீரோவுக்குள்ள போயிடுவேன்.' இதுதான் உங்க வைத்தியமா மேடம்?"

அந்தப் பெண் அப்பாவைப் பார்க்கவில்லை. அறை வாசலில் நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தாள். அதன் பிறகு வரவேயில்லை.

டாக்டரம்மா குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதினார். இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். அவள் வாயே திறக்கவில்லை, விசாரணை முடிந்தது. நகல் விஷயத்தையும் நிர்வாகம் விசாரித்தது. குமாஸ்தா செய்தது சரி. டாக்டரம்மா எழுதியதும் சரி. என்னை யாரும் கேட்கவேயில்லை.

கடைசியாக டாக்டரம்மாவே அந்த அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது: "நல்லா இருக்கா மேடம். பேச்சே இல்ல, ஒரு தொல்லையும் இல்ல."

அதற்குப் பிறகு எட்டு வருடம் வேலை பார்த்தார். தரையில் உட்கார்ந்தார், கேட்டார், ஆனால் எழுதவில்லை. 'வந்தது. விளையாடியது.' அவ்வளவுதான் கோப்பில்.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் புது டாக்டர் ஒரு கட்டு கோப்புகளைப் புரட்டிவிட்டு, "இத்தனை வருஷம் இந்தம்மா என்னதான் பண்ணாங்க?" என்றார். நான் ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே அனுப்பினேன். எல்லாரும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் பேர் சொல்லவில்லை.