பியானோவுக்குள் இருந்த பெயர்

அன்று லண்டன் லூயிஷாமில், தேவாலய மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் அப்பா, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் இருந்தோம். சித்தப்பா இல்லை. அவர் இல்லாததைப் பற்றியதுதான் பாட்டு.

எனக்குப் பத்து வயது. அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிளேஸ்டோவில் பெற்றோல் ஷெட்டில் வேலை. இலங்கையில் போரின் கடைசி மாதத்தில் காணாமற்போன தன் தம்பியைப் பற்றிக் கொப்பியில் பதினாறு வரி எழுதி வைத்திருந்தார். கடைசி நாலு வரியில் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் பள்ளியில் பியானோ சொல்லித்தந்த ஆசிரியை, பிற மொழிக் கவிதைகளுக்கு இசையமைத்து ஒரு கச்சேரி வைக்கப்போவதாகச் சொன்னபோது, கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான்.

மூன்று சனிக்கிழமைகள் ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா மேசையில் விரலால் தட்டித் தட்டி வாசிப்பார். எந்த எழுத்து நீள்கிறதென்று ஆசிரியை பென்சிலால் கோடு போடுவார். மொழிபெயர்ப்பு என் வேலை. ஒன்று கேட்டால் அப்பா அரை மணித்தியாலம் பதில் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும். எல்லாவற்றையும் சுருக்கிவிடுவேன்.

"காசு ஒண்டும் வேண்டாமெண்டு சொல்லு. அவன்ரை பேரை ஒருக்கால் சனத்துக்கு முன்னாலை பாடினாக் காணும்."

"அப்பாவுக்குச் சந்தோஷமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மூன்றாம் சனிக்கிழமை ஆசிரியை கேட்டார்: பன்னிரண்டாம் வரியில் கடல் வருகிறது, பாட்டு அங்கேயே நிறைந்துவிடுகிறது, கடைசி நாலு வரியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பியானோவிடம் விடலாமா, அப்பாவைக் கேள்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

கேட்டால் மாட்டேன் என்பார். பாட்டே இல்லாமல் போகும். வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

"நல்லா வந்திருக்காம். இப்பிடியே செய்யட்டோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன்.

கச்சேரியில் உயரமான வெள்ளைக்காரர் ஒருவர், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழைப் பார்த்துப் பாடினார். அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. பன்னிரண்டாம் வரியோடு பாடகர் வாயை மூடினார். பியானோ மட்டும் அலை மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா கதிரை நுனிக்கு வந்து அந்த வாய் திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சனம் கைதட்டியது.

"கடைசி நாலு வரியும் எங்கையடா?"

"அது பியானோவுக்குள்ளை இருக்கப்பா. இவை அப்பிடித்தான் செய்யிறவை."

"ஓமோ. எனக்கு உதுகள் விளங்காதுதானே."

எங்கள் வீட்டில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவன் நான். கவிதையை இசைக்கு எடுப்பவர்கள் வரிகளை வெட்டுவது வழமை, குரல் நின்றபின் பியானோவைப் பேசவிடுவதும் வழமை என்று அங்கே படித்தேன். ஆசிரியையில் பிழையில்லை, அவர் கேட்டுத்தான் வெட்டினார். நான் சொன்ன பொய் பாடப்புத்தகத்தில் உண்மையாக இருந்தது. அதுதான் இன்றும் கசக்கிறது.

சித்தப்பாவுக்கு மரணச் சான்றிதழ் இல்லை, அந்தியேட்டிக் கிரியையும் நடக்கவில்லை. அவர் பெயர் ஒரு சபையில் கேட்கவிருந்த ஒரே இடம் அந்த மண்டபம். பத்து வயதில் இது எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் அம்மாதான் அப்பா விட்ட ஷிப்டையும் புதுச் சேர்ட்டையும் ரயில் காசையும் கூட்டிச் சொன்னார். எங்களுக்குப் போனது அவ்வளவுதான் என்று அன்று நானும் நம்பினேன்: நூற்றுப் பதினாலு பவுண்.